பிரேடியா, மான்டானாவா, வேற யாராவதா? அமெரிக்க ஃபுட்பாலில் (என்எஃப்எல் லீக்) எக்காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) யார்

பனிமூட்டம்:
எங்கே பேச்சு எடுத்தாலும் "டாம் பிரேடிதான், பேச்சே கிடையாது" என்று ஒருத்தர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். ஏழு மோதிரம் (சூப்பர் பௌல் என்ற சாம்பியன்ஷிப் ஃபைனலை ஜெயித்தால் ஒரு மோதிரம்), சரி. மோதிரத்தை எண்ணுவதுதான் கணக்கு என்றால் விவாதம் எதற்கு, விரல் போதுமே. நான் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸின் ஜோ மான்டானா கட்சி. காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு அடியுங்கள்.

நாலு சூப்பர் பௌல் ஆடினார், நாலிலும் ஜெயித்தார். 1981, 1984, 1988, 1989 சீசன்கள். நாலு ஆட்டத்திலும் சேர்த்து 122 பாஸ், 11 டச்டவுன் (களத்தின் கடைசியில் இருக்கும் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது). இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. வருஷத்திலேயே பெரிய ஆட்டம், எதிரே அந்த வருஷம் எல்லாரையும் அடித்துவிட்டு வந்த டீம். அதில் ஒரு தடவைகூட எறிந்த பந்தை எதிராளி கையில் கொடுக்காத மனுஷன்.

எண்ணிக்கையை விடுங்கள். 23-வது சூப்பர் பௌலின் கடைசி டிரைவை (பந்தை விடாமல் முன்னேறும் ஒரு சுற்றை) மட்டும் பாருங்கள். 1989 ஜனவரி, மயாமி. சின்சினாட்டி பெங்கால்ஸ் 16-13 முன்னிலை. 3 நிமிஷம் 10 விநாடி பாக்கி. பந்து சொந்த 8 யார்டு கோட்டில், போக வேண்டியது 92 யார்டு. எல்லாருக்கும் முகம் இறுகிப் போயிருக்கும்போது மான்டானா தன்னைக் காக்கும் முன்வரிசை ஆள் (டேக்கிள்) ஹாரிஸ் பார்ட்டனிடம் கூட்டத்தைக் காட்டி, அதோ ஜான் கேண்டி உட்கார்ந்திருக்கிறார் பார் என்றாராம். சினிமா காமெடி நடிகர். அந்த நிலைமையில் பார்வையாளர் வரிசையில் யார் இருக்கிறார் என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது!

அப்புறம் தன் ஆட்களில் ரோஜர் கிரெய்குக்கு 8 யார்டு பாஸ், ஜான் ஃபிராங்குக்கு 7, ஜெர்ரி ரைஸுக்கு 7. ஒன்றும் பிரமாதமில்லை, சின்னச் சின்னதாக. நடுவில் மூச்சிரைத்துத் தலை சுற்றி, ஒரு பந்தை வெளியே எறிந்துவிட்டார். அடுத்து ஒரு பெனால்ட்டி வேறு. டவுன் என்றால் ஒரு முயற்சி, நாலுக்குள் 10 யார்டு போக வேண்டும்; இப்போது இரண்டாவது டவுனில் 20 யார்டு வேண்டும். அதில் ரைஸுக்கு 27 யார்டு. கடைசியில் ரைஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்கிறார், டிஃபென்ஸின் கண்ணெல்லாம் அவர் மேல். ஜான் டெய்லர் நடுவில் நழுவி எண்ட் ஸோனுக்குள் போகிறார். பந்து சரியாக அங்கே வருகிறது. 34 விநாடி பாக்கி, 20-16.

பிரேடி ரசிகர்கள் வரலாம்.

பாட்ஸ்_பாலா:
வந்தாச்சு அண்ணே. எழுதினது ஜோர். ஆனா அதே ஆட்டத்துல நாலாவது குவார்ட்டர் ஆரம்பத்துல நடந்ததை மட்டும் வசதியா விட்டுட்டீங்க. மான்டானா எண்ட் ஸோனுக்குள்ள போட்ட பந்து நேரா பெங்கால்ஸ் டிஃபென்ஸ் ஆளு (கார்னர்பேக்) லூயிஸ் பில்லப்ஸ் கைக்குப் போச்சு. கைல பட்டு நழுவிடுச்சு. அடுத்த ஸ்னாப்லயே (பந்தைப் பின்னாடி கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கறது) ரைஸுக்கு டச்டவுன், 13-13. பில்லப்ஸ் அதைப் பிடிச்சிருந்தா உங்க "ஒன்றுகூட இல்லை"யும் போச்சு, அநேகமா அந்த மோதிரமும் போச்சு.

அப்புறம் இந்த நாலுக்கு நாலு. 1985, 1986, 1987 மூணு சீசனும் ஃபார்ட்டிநைனர்ஸ் பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) வந்து முதல் ஆட்டத்துலயே வீட்டுக்குப் போச்சு. 86-ல ஜயன்ட்ஸ் கிட்ட 49-3. இதெல்லாம் சூப்பர் பௌல் தோல்விக் கணக்குல வராது. ஆனா பிரேடி கடைசி ஆட்டம் வரைக்கும் போய்த் தோத்தா அது மட்டும் கரும்புள்ளி. பாதியில பஸ்ஸை விட்டு இறங்கினவனுக்குப் பாராட்டு, கடைசி ஸ்டாப் வரைக்கும் போனவனுக்குத் திட்டா?

கணக்கு கேட்டா: பிரேடிக்கு 10 சூப்பர் பௌல், 7 வெற்றி. 89,214 யார்டு, 649 டச்டவுன். ரெகுலர் சீசன்ல 251 வெற்றி, பிளேஆஃப்ல 35. மான்டானாவுக்கு பிளேஆஃப்ல 16. அதுவும் 2000 டிராஃப்ட்ல (டீம்கள் புது வீரர்களை வரிசையா எடுக்கறது) 199-வதா எடுத்த பையன். 2001-ல பேட்ரியாட்ஸோட குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ அடிபட்டு விழலைன்னா எப்ப களத்துல இறங்கியிருப்பாரோ.

இந்தியானா_மீனா:
ரெண்டு பேருமே மோதிரத்தைச் சுத்தித்தான் வர்றீங்க. டெர்ரி பிராட்ஷாவும் நாலுக்கு நாலு. அவரை ஏன் யாரும் இந்தப் பட்டியல்ல சேர்க்கறதில்ல? மொத்த கேரியர்ல 212 டச்டவுன், 210 இன்டர்செப்ஷன். பிட்ஸ்பர்க்கோட அந்த டிஃபென்ஸ் அப்படி இருந்தது, அவ்வளவுதான். அப்ப மோதிரம்ங்கறது டீமோட சொத்துன்னு நீங்களே ஒத்துக்கறீங்க, உங்க ஆளுக்கு மட்டும் விதிவிலக்கு.

என் கேள்வி வேற. அந்த ஆள் இல்லைன்னா டீம் என்ன ஆகும்? 2010-ல பெய்டன் மேனிங் இருந்தப்ப இந்தியானாபோலிஸ் கோல்ட்ஸ் 10-6 (10 வெற்றி, 6 தோல்வி). 2011-ல கழுத்து ஆபரேஷனால அவர் ஒரு ஆட்டம்கூட ஆடல. 2-14. கிட்டத்தட்ட அதே டீம்தான். இப்ப பாஸ்டன் பக்கம், பிரேடியோட பேட்ரியாட்ஸுக்கு வாங்க. 2008-ல முதல் ஆட்டத்துலயே பிரேடிக்கு முட்டி போச்சு. மேட் காஸல் வந்தார், காலேஜ்லகூட ஸ்டார்ட் பண்ணாத ஆள். 11-5! மேனிங்குக்கு அஞ்சு எம்விபி (சீசனோட சிறந்த வீரர் விருது) கொடுத்தது சும்மா இல்ல. 2013-ல 55 டச்டவுன், 5,477 யார்டு, வயசு 37, நாலு ஆபரேஷன் பண்ணின கழுத்தோட.

பாட்ஸ்_பாலா:
மீனா அக்கா, 2007-ல அதே பேட்ரியாட்ஸ் 16-0. அப்ப ஆளு மாறினதுல அஞ்சு ஆட்டம் போச்சு. பிளேஆஃபும் போச்சு. அதையும் சொல்லுங்க.

நிஜமான சோதனை 2020. பிரேடி டாம்பாவுக்குப் போனார், கோச் பில் பெலிசிக் பாஸ்டன்லயே இருந்தார். 43 வயசுல, புது டீம், கொரோனா வருஷம், ஒழுங்கா பயிற்சி முகாம்கூட நடக்கல. சூப்பர் பௌல் ஜெயிச்சார். இங்க எங்க பக்கம் 7-9. அதுக்கடுத்த மூணு சீசன் 10-7, 8-9, 4-13, அப்புறம் பெலிசிக்கும் கிளம்பிட்டார். இருபது வருஷமா "கோச்சா, பிரேடியா"ன்னு கேட்டுட்டு இருந்த கேள்வி அங்கயே முடிஞ்சு போச்சு.

கேசி_கார்த்தி:
டாம்பா எங்க கான்சஸ் சிட்டியை அடிச்ச அந்த சூப்பர் பௌலைப் பத்திப் பேசறீங்களே, எங்க ரெண்டு டேக்கிளும் காயத்துல வெளிய. எரிக் ஃபிஷரும் இல்ல, மிட்செல் ஷ்வார்ட்ஸும் இல்ல. எங்க குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் பூரா உயிருக்கு ஓடினார். கீழ விழுந்துட்டே, தரைக்கு இணையா மிதந்துட்டே பந்தை எண்ட் ஸோனுக்குள்ள போட்டார், அது ரிசீவர் ஹெல்மெட்ல பட்டு விழுந்தது. 31-9ன்னு மட்டும் ஸ்கோர் பார்க்கிறவங்களுக்கு அது தெரியாது.

மஹோம்ஸ் ஸ்டார்ட்டரா வந்த முதல் சீசன்லயே 50 டச்டவுன், எம்விபி. முதல் ஏழு சீசன்ல அஞ்சு சூப்பர் பௌல், மூணு வெற்றி. அவர் ஸ்டார்ட்டரான அந்த ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கு (சூப்பர் பௌலுக்கு முந்தின சுற்று) முன்னாடி வெளிய போனதில்ல. இதுக்கு மேல என்ன வேணும்?

பாட்ஸ்_பாலா:
நேருக்கு நேர் பிளேஆஃப்ல பிரேடி கிட்ட ரெண்டு தடவை தோத்தது போதாதா தம்பி.

கேசி_கார்த்தி:
2019 ஜனவரி ஆட்டத்தைச் சொல்றீங்கன்னா, ஓவர்டைம்ல மஹோம்ஸ் கையில பந்தே வரல. டாஸ் நீங்க ஜெயிச்சீங்க, டச்டவுன் போட்டீங்க, ஆட்டம் முடிஞ்சது. 37-31. அதுக்கு முன்னாடி பிரேடி பந்தை எங்க ஆளு பிடிச்சே பிடிச்சாரு, டீ ஃபோர்டு நாலு விரக்கடை முன்னாடி நின்னதால ஆஃப்சைடுன்னு ரத்து பண்ணாங்க. இதையெல்லாம் "பிரேடி ஜெயிச்சார்"னு எப்படி அவர் கணக்குல எழுதறது?

(அந்த ஓவர்டைம் விதியை பிளேஆஃபுக்கு 2022-ல மாத்தினாங்க. எங்களுக்காக இல்ல. நாங்க பஃபலோவுக்கு அதையே பண்ணினதால!)

புதுவரவு:
நான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தே ரெண்டு சீசன்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். களத்தில் ஒரு பக்கம் 11 பேர், அதுவும் அட்டாக்குக்கு ஒரு செட், டிஃபென்ஸுக்கு வேறு செட். உதைக்க மட்டும் தனி ஆள். அப்படியிருக்கும்போது ஜெயித்தாலும் தோற்றாலும் ஒருத்தர் பெயரில் எழுதுவது ஏன்? தோனி கேப்டனாக ஜெயித்த மாதிரியா?

நெறியாளர்:
கிரிக்கெட் ஒப்பீடு வேண்டாம். போன தடவை அது எங்கே போய் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தியானா_மீனா:
புதுவரவு, நல்ல கேள்வி. ஒரே ஒரு ஸ்னாப்புக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க. பிளே கிளாக் 40 விநாடி. கோச் என்ன ஆட்டம்னு குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர்ல சொல்வார். இது 1994-லதான் வந்தது. கிளாக் 15-க்கு வந்ததும் அந்த லைன் கட் ஆயிடும். அதுக்கப்புறம் அவர் தனி ஆள்.

அந்த 15 விநாடியில மேனிங் பண்றதைப் பாருங்க. லைன்ல வந்து நிப்பார். எதிர்ப்பக்கம் பின்னாடி நிக்கிற ரெண்டு சேஃப்டியும் எவ்வளவு ஆழத்துல இருக்காங்க, லைன்பேக்கர் எவனாவது குதிகாலைத் தூக்கிட்டு நிக்கிறானா, கார்னர்பேக் உள்பக்கமா நிக்கிறானா வெளிப்பக்கமா. ஒரு ரிசீவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்க விடுவார். கூடவே டிஃபென்டர் ஒருத்தன் ஓடி வந்தா ஆளுக்கு ஆள் மார்க்கிங், வரலைன்னா ஏரியா பார்க்கிறாங்க. தெரிஞ்சதும் கோச் சொன்ன ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு கத்துவார், கையை ஆட்டுவார், சென்டர்கிட்ட போய் குனிஞ்சு சொல்வார், திரும்பி ரன்னிங்பேக்கை இடம் மாத்துவார். அப்புறம் "ஒமாஹா, ஒமாஹா." அதுல பாதி நிஜம், பாதி நாடகம். எது எதுன்னு எதிராளிக்குத் தெரியாது. மிச்சம் மூணு விநாடில ஸ்னாப்.

பந்து கைக்கு வந்தப்புறம் ரெண்டரை விநாடி கிடைச்சா அதிகம். டிஃபென்ஸ் இவ்வளவு நேரம் காட்டினது வேஷம்னா அந்த ரெண்டரை விநாடிக்குள்ள கண்டுபிடிக்கணும். அதான் எல்லாக் கணக்கும் அவர் பேர்ல. நியாயமான்னு கேட்டா முழுசா இல்ல. உதைக்கிற ஆள் கணக்கும் அவர் தலையில விழுது. பிரேடியோட முதல் மூணு சூப்பர் பௌல்ல ரெண்டு ஆடம் வினாடியேரி கடைசி நிமிஷத்துல உதைச்சு ஜெயிச்சது. மூணுமே 3 புள்ளி வித்தியாசம்தான்.

ஏரிக்கரையான்:
இந்த இடத்தில் ஒரு வயசாளி குறுக்கே வரலாமா? கிளீவ்லண்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எல்லாருக்கும் ஆட்டம் 1967-க்கு அப்புறம்தான் பிறந்தது போலிருக்கிறது. சூப்பர் பௌல் என்று ஒன்று இல்லாத காலத்திலும் சாம்பியன்ஷிப் இருந்தது.

ஆட்டோ கிரஹாம். 1946-லிருந்து 1955 வரை கிளீவ்லண்ட் பிரவுன்ஸுக்கு 10 சீசன். 10 சீசனிலும் டீம் ஃபைனல் ஆடியது. ஏழு ஜெயித்தது. பாலா தம்பியின் பிரேடிக்கு ஏழு மோதிரம் கிடைக்க 21 சீசன் ஆனது.

1954 ஃபைனல், டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக: கிரஹாம் பாஸில் மூன்று டச்டவுன், தானே ஓடிப்போய் மூன்று டச்டவுன். 56-10. அடுத்த வருஷமும் ஃபைனலில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை 38-14 என்று அடித்துவிட்டு, போதும் என்று வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்தில் ஹெல்மெட்டுக்கு முன்பக்கக் கம்பி கிடையாது. 1953-ல் முகத்தில் முழங்கை விழுந்து வாய் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு மறு பாதி ஆடினார். அதற்காக ஒட்டிய பிளாஸ்டிக் தடுப்பிலிருந்துதான் இன்றைக்கு எல்லாரும் போட்டிருக்கும் முகக்கவசத்துக்கு வழி பிறந்தது.

பேஸ்கட்பாலிலும் ஒரு தொழில்முறை சாம்பியன்ஷிப் வைத்திருந்தார், அது வேறு கதை.

பாட்ஸ்_பாலா:
ஐயா, மரியாதையோட கேக்கறேன். அந்த ஏழுல நாலு வேற லீக்தானே? 1946-லிருந்து 49 வரைக்கும் ஏஏஎஃப்சி. அது மூடிப்போன லீக்.

ஏரிக்கரையான்:
இதைத்தான் 1950-ல் எல்லாரும் சொன்னார்கள். சின்ன லீக், பெரிய லீக்குக்கு வந்தால் தெரியும் என்று. முதல் ஆட்டத்தையே நடப்பு சாம்பியன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸோடு, அவர்கள் ஊரிலேயே போட்டார்கள். 35-10 பிரவுன்ஸ். அந்த வருஷமே சாம்பியன்ஷிப்பும் எடுத்தார்கள். பேச்சு நின்றது.

இன்னொன்று. மேரியன் மாட்லி, பில் வில்லிஸ் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை கோச் பால் பிரவுன் 1946-லேயே சேர்த்துக்கொண்டார். அது பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் வருவதற்கு முந்தைய வருஷம். மற்ற டீம்கள் கதவைச் சாத்தி வைத்திருந்த ஆட்களோடு ஆடின டீமை லேசாக எடை போடாதீர்கள்.

இந்தியானா_மீனா:
ஐயா, அதே பால் பிரவுன்தான் கிரஹாமோட வாதத்துக்கு வில்லன். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் ஒரு கார்டு ஆட்டக்காரரை (முன்வரிசையில ஆடறவர்) உள்ள அனுப்பி என்ன ஆடணும்னு சொல்லிவிடுவார். பெரும்பாலும் முடிவு பெஞ்ச்ல இருந்து வந்தது. அந்தத் தலைமுறைக்குப் பக்கத்துல ஒரு ஆளைச் சொல்லணும்னா நான் ஜானி யூனைட்டஸ்தான் சொல்வேன். தன் ஆட்டத்தைத் தானே அழைத்த மனுஷன். பிட்ஸ்பர்க் 1955-ல ஒன்பதாவது ரவுண்டுல எடுத்து, ஒரு ஆட்டம்கூட ஆடவிடாம வெளிய அனுப்பிட்டாங்க. கட்டட வேலை பார்த்துட்டே உள்ளூர் டீம்ல ஆட்டத்துக்கு 6 டாலர் வாங்கிட்டு ஆடினார். மூணு வருஷத்துல, 1958 டிசம்பர், யாங்கி ஸ்டேடியத்துல ஜயன்ட்ஸை ஓவர்டைம்ல 23-17 ஜெயிச்சு பால்டிமோருக்கு சாம்பியன்ஷிப். தொடர்ந்து 47 ஆட்டம் டச்டவுன் பாஸ் போட்ட அவரோட ரெக்கார்டு 2012-ல ட்ரூ பிரீஸ் வர்ற வரைக்கும் நின்னுது. யோசிச்சுப் பாருங்க, ரிசீவரைக் களம் பூரா பிடிச்சுத் தள்ளலாம்னு இருந்த காலத்துல.

ஸ்கார்பரோ_சுதன்:
வணக்கம். கனநாளா வாசிச்சுக் கொண்டிருக்கிறன், இண்டைக்குத்தான் எழுதுறன்.

ஐயா கதவு சாத்தினதைப் பற்றிச் சொன்னவர். நான் அதிலை இருந்தே தொடங்குறன். நீங்கள் எல்லாரும் கதைக்கிற ஆக்களுக்கு ஆட ஒரு இடம் கிடைச்சது. வாரன் மூனுக்குக் கிடைக்கேல்லை. 1978-லை ரோஸ் பௌல் எண்ட கல்லூரி ஆட்டத்திலை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வெல்ல வைச்சவர், ஆட்ட நாயகன். அந்த வருச டிராஃப்டிலை ஒருத்தரும் அவரை எடுக்கேல்லை. குவார்ட்டர்பேக்கை விட்டிட்டு வேறை இடத்திலை ஆடு எண்டு கேட்டவை. கறுப்பின ஆள் அந்த இடத்துக்குச் சரிவராது எண்டதுதான் அப்ப இருந்த எண்ணம். 1968-லை டென்வரிலை மார்லின் பிரிஸ்கோ நல்லா ஆடிக் காட்டின பிறகும் அடுத்த வருசம் அவரை அந்த இடத்திலை வைச்சிருக்கேல்லை. ரிசீவராத்தான் மிச்சக் காலத்தை ஓட்டினவர்.

மூன் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு இஞ்சை கனடாவுக்கு வந்தவர், எட்மன்டனுக்கு. 1978-லை இருந்து 82 வரை ஐஞ்சு கிரே கப் (கனடாவின்ரை சாம்பியன்ஷிப்), ஒண்டுக்குப் பிறகு ஒண்டு. இஞ்சத்தை ஆட்டம் லேசெண்டு நினைக்காதேங்கோ. களம் 110 யார்டு, 12 பேர், மூண்டு டவுன்தான். இரண்டிலை 10 யார்டு எடுக்காட்டி உதைக்கத்தான் வேணும். கனடாவிலை 21,228 யார்டு. 1984-லை ஹூஸ்டனுக்குப் போன பிறகு அங்கை 49,325. இரண்டையும் கூட்டிப் பாருங்கோ. 27 வயதிலைதான் என்எஃப்எல்லிலை தொடங்கினவர், 44 வயது வரை ஆடினவர். 2006-லை ஹால் ஒஃப் ஃபேமுக்குப் போன முதல் கறுப்பின குவார்ட்டர்பேக்.

அந்த முதல் ஆறு வருசத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது?

கேசி_கார்த்தி:
சுதன் அண்ணா, இது எனக்குச் சுத்தமா தெரியாத பக்கம். மூன் 1990-ல எங்க ஊர்ல வந்து 527 யார்டு போட்டுட்டுப் போனார்ங்கறது மட்டும் இங்க பழைய ஆளுங்க இன்னும் புலம்பறாங்க.

பாட்ஸ்_பாலா:
மூன் பெரிய ஆளு, மறுக்கல. ஆனா 1993 ஜனவரில பஃபலோகிட்ட 35-3ன்னு முன்னிலையில இருந்து 41-38 தோத்தது அவர் டீம்தான். அதுவும் எதிர்ப்பக்கம் ரிசர்வ் குவார்ட்டர்பேக், ஃபிராங்க் ரைக்.

ஸ்கார்பரோ_சுதன்:
தம்பி, 38 புள்ளியை விட்டுக் குடுத்தது மூனோ, டிஃபென்ஸோ? அண்டைக்கு மூன் நாலு டச்டவுன் போட்டவர். பிரேடி வெண்டால் பிரேடி, மூன் தோத்தால் மூன். நல்ல நியாயம்.

பனிமூட்டம்:
சுதன் சொன்னது சுருக்கென்று இருக்கிறது. 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ் ஒரே குவார்ட்டரில் நாலு டச்டவுன் போட்டு வாஷிங்டனுக்கு 42-10 என்று சூப்பர் பௌல் ஜெயித்துக் கொடுக்கும்வரை அந்த எண்ணம் ஊறிக் கிடந்தது. அதற்கு முன்னால் எத்தனை பேரை ரிசீவராகவும் கார்னராகவும் மாற்றி வீணடித்தார்களோ.

என் கட்சிக்குத் திரும்புகிறேன். பாலா, காலம் என்று ஒன்று இருக்கிறது. 1991 ஜனவரியில் ஜயன்ட்ஸின் லெனர்ட் மார்ஷல் மான்டானாவைப் பின்னாலிருந்து வந்து அடித்த அடியைப் பாருங்கள். பந்து ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். கை விரல் முறிவு, நெஞ்செலும்பில் அடி. அடுத்த சீசன் முழுக்க இல்லை, அதற்கடுத்ததில் கடைசி ஆட்டம் மட்டும். அப்படிப்பட்டவர் 1993-ல் கான்சஸ் சிட்டிக்குப் போய் அவர்களைக் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரை கூட்டிப் போனார். பிரேடிக்கு 2008-ல் முட்டி போனது, மறு வருஷமே முட்டிக்குக் கீழே அடிப்பதற்கு விதி இறுக்கமாகிவிட்டது. 43 வயதில் ஆட முடிந்தது காய்கறி தின்றதால் மட்டும் இல்லை.

பாட்ஸ்_பாலா:
காலம்னு வந்தா ரெண்டு பக்கமும் வரும் அண்ணே. 1994-லதான் சாலரி கேப் (டீமோட மொத்த சம்பளத்துக்கு உச்சவரம்பு) வந்தது. அதுக்கு முன்னாடி உங்க டீம் ஸ்டீவ் யங்கையே பெஞ்ச்ல உட்கார வெச்சிருந்தது! ஹால் ஆஃப் ஃபேம் ஆளு, ரிசர்வ்! இன்னிக்கு எந்த டீமால முடியும்? பிரேடி பக்கத்துல ஆளுங்க வருஷா வருஷம் மாறினாங்க. ரேண்டி மாஸ் மூணு வருஷம்தான். மத்தபடி ஏழாவது ரவுண்டுல எடுத்த ஜூலியன் எடல்மன், டிராஃப்டே ஆகாத வெஸ் வெல்கர்.

51-வது சூப்பர் பௌலை எடுத்துக்கங்க. மூணாவது குவார்ட்டர்ல 28-3 அட்லாண்டா. பிரேடியே முதல் பாதில ராபர்ட் ஆல்ஃபர்ட் கைல கொடுத்து, அவன் 82 யார்டு ஓடி டச்டவுன் போட்டிருந்தான், பிரேடி தரையில விழுந்து அவன் காலைத் தடவிட்டு இருந்தார். அங்கிருந்து 31 புள்ளி தொடர்ச்சியா. 466 யார்டு. 34-28. ரன்னிங்பேக் ஜேம்ஸ் ஒயிட்டுக்கு மட்டும் 14 கேட்ச்.

கேசி_கார்த்தி:
அட்லாண்டா 28-20 முன்னிலையில உங்க 22 யார்டு கோட்டுக்கு வந்து நின்னாங்களே. மூணு தடவை ஓடிட்டு ஒரு ஃபீல்டு கோல் உதைச்சிருந்தா 31-20, கதை முடிஞ்சது. பாஸ் போடப் போய் சாக் (எறியறதுக்கு முன்னாடியே பிடிபடறது), அப்புறம் ஹோல்டிங் பெனால்ட்டி, பின்னாடி போய் பன்ட் (பந்தை உதைச்சு எதிராளிக்கே விடறது). எடல்மன் கேட்ச்சும் அதே ஆல்ஃபர்ட் கைல பட்டுத் தெறிச்சதுதான், மூணு பேர் காலுக்கு நடுவுல தரையிலிருந்து ரெண்டு அங்குலத்துல பிடிச்சது. அது பிரேடியோட திறமையா?

பாட்ஸ்_பாலா:
அதிர்ஷ்டம்னா எல்லாத்தையும் கணக்குல எடுப்போம். 42-வது சூப்பர் பௌல்ல ஜயன்ட்ஸோட டேவிட் டைரீ ஹெல்மெட்டோட ஒட்டிப் பிடிச்ச பந்து யாரோட திறமை? அதுக்கு முந்தின பந்துல எங்க அசான்டே சாமுவேல் கைல பட்டுப் போச்சே? பிடிச்சிருந்தா 19-0, இந்தப் பேச்சே இல்ல. சாமுவேல் விட்டது, பில்லப்ஸ் விட்டது. 52-வதுல 505 யார்டு போட்டும் டிஃபென்ஸ் 41 விட்டுக் கொடுத்துச்சு, தோத்தார். இருபது வருஷம் ஆடினா சீட்டு ரெண்டு பக்கமும் விழும்.

இந்தியானா_மீனா:
அப்ப கடைசில நீங்களே சொல்லிட்டீங்க: நிறைய தடவை அந்த மேசையில உட்கார்ந்தவருக்குத்தான் நிறைய விழும். அதை நான் ஒத்துக்கறேன். அடிக்கடி அங்க வந்து உட்கார்றதே திறமைதான். ஆனா அது "நீண்ட காலம் சிறந்தவர்". ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஆட்டம், யாரைக் கூப்பிடுவீங்கன்னா எனக்கு இப்பவும் மேனிங்தான்.

பாட்ஸ்_பாலா:
2004 ஜனவரில கூப்பிட்டீங்களே. நாலு இன்டர்செப்ஷன்.

இந்தியானா_மீனா:
அந்த ஆட்டத்துல உங்க ஆளுங்க எங்க ரிசீவரை சட்டையைப் பிடிச்சு இழுத்த இழுப்புலதான் அடுத்த வருஷம் லீகே 5 யார்டு விதியை (அதுக்கு அப்பால ரிசீவரைப் பிடிச்சு மறிக்கக் கூடாது) கறாராக்கிச்சு. மறந்துடாதீங்க. பிளேஆஃப்ல ரெண்டு பேரும் அஞ்சு தடவை மோதினாங்க, மூணு மேனிங்குக்கு. 2007 ஜனவரில 21-3 பின்னாடி இருந்து வந்து ஜெயிச்சதும் அதுல ஒண்ணு.

பாட்ஸ்_பாலா:
மொத்தம் 17 தடவை மோதினதுல 11 யாருக்கு, அதையும் எழுதுங்க.

புதுவரவு:
நீங்கள் சண்டை போடுங்கள். எனக்கு மட்டும் ஒன்று சொல்லுங்கள். இந்த வாரக் கடைசி லீவு. பழைய ஆட்டம் எதை முதலில் பார்க்கலாம்?

பனிமூட்டம்:
23-வது சூப்பர் பௌல், இரண்டாம் பாதியிலிருந்து. முதல் பாதி 3-3, தூக்கம் வரும். பில்லப்ஸ் விடுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பாலாவுக்காக.

பாட்ஸ்_பாலா:
51. ஆனா ஸ்கோர் தெரிஞ்சுடுச்சே உங்களுக்கு, சே.

ஸ்கார்பரோ_சுதன்:
மூன் ஆடின கிரே கப் ஒண்டையாவது தேடிப் பாருங்கோ. 1981-லை ஒட்டாவாவோடை. பாதி நேரத்திலை எட்மன்டன் 20-1 பின்னாலை. முதல் பாதியிலை மூனை வெளியிலை எடுத்துப்போட்டு, திரும்பவும் இறக்கினவை. 26-23 வெற்றி. பாலா தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்றன்.

ஏரிக்கரையான்:
1950 ஃபைனல். படம் முழுசாகக் கிடைக்காவிட்டாலும் கிடைத்த துண்டுகளைப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், கிளீவ்லண்ட், தரை உறைந்து கிடக்கிறது. ராம்ஸ் 28-27 முன்னிலை. கிரஹாம் பந்தைத் தவறவிட்டு ராம்ஸ் எடுத்துக்கொண்டது. டிஃபென்ஸ் பிடித்து நிறுத்தித் திரும்ப வாங்கிக் கொடுத்தபோது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. கிரஹாம் தானே ஓடினார், ஓரமாகப் பாஸ் போட்டார், பந்தை நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தார். 28 விநாடி இருக்கும்போது லூ கிரோஸா உதைத்தார். 30-28.

பாட்ஸ்_பாலா:
ஐயா, அப்ப அந்த மோதிரத்தை டிஃபென்ஸ் கணக்குல எழுதறதா, உதைச்சவர் கணக்குலயா?

ஏரிக்கரையான்:
நாலு டச்டவுன் பாஸ் போட்டவர் கணக்கில் எழுதுங்கள் தம்பி. வினாடியேரி உதைத்ததை யார் கணக்கில் எழுதினீர்களோ, அதே பேனாவால்.